யாராவது ஒருத்தர் கையை எடுங்க

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. அம்மாவும் நானும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிவிட்டேனா என்று பார்க்கிறாள். எழுதிவிட்டேன். உன் இருமல் எப்படி இருக்கிறது?

இனி போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நான் சொன்னதைக் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம்தான். மீதி அம்மாவுக்காக. போனை ஸ்பீக்கரில் போட்டால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு வார்த்தை வாய்க்கு வந்து சேர நேரமாகிறது. அது வருவதற்குள் நாம் அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறோம். போன தடவை நீ போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அழுதாள். கடிதம் என்றால் காத்திருக்கும். இரண்டு தடவை படிக்கச் சொல்லலாம். அதனால் நீ எழுதுவது எல்லாவற்றையும் நான் சத்தமாகப் படிப்பேன். அவள் காதில் விழக்கூடாதது இருந்தால் தனித்தாளில் எழுதி மடித்து வை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரயில் ஓட்டுநர் தேர்வில் என் பெயர் வந்துவிட்டது. ஆமாம், உன் தங்கைதான். இத்தனை வருஷமாக டிக்கெட் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் எங்கெங்கோ அனுப்பிவைத்தேன். இனி நானே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். பயிற்சி ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. ஒன்பது மாதம், வேறு ஊரில், அங்கேயே தங்க வேண்டும். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வருகிறார், ஆனால் ராத்திரிக்கு வீட்டு மனுஷர் வேண்டும். நீ ஜூன் இருபதுக்குள் வந்துவிடுவதாக அம்மா தலையில் கைவைக்காத குறையாகச் சொன்னாய். அந்த நம்பிக்கையில்தான் தேர்வே எழுதினேன்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. அம்மா இப்போது தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன். அவளைப் பார்த்துக்கொள்வது அலுக்கவில்லை. வேறு எதுவுமே இல்லாமல் இருப்பது அலுத்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
வாலு

---

பிப்ரவரி 24

அன்பு வாலுவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் அம்மாவுக்கும்,

நான் சௌக்கியம். இருமல் இருக்கிறது, ஆனால் வீட்டு ஆள் மாதிரி பழகிவிட்டது. அம்மாவின் வலது கை விரல்கள் மடங்குகின்றனவா? பந்தை அழுத்தும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் வாலுவுக்கு ஒரு சபாஷ். சின்ன வயதில் என் சைக்கிளைச் சுவரில் கொண்டு மோதியவள் கையில் ரயிலைக் கொடுக்கிறார்கள் என்றால் தேர்வு வைத்தவர்களுக்கு என்ன தைரியம்! ஜூன் இருபது நான் வருகிறேன். அதில் மாற்றமில்லை.

அம்மா, அக்கம்பக்கத்தார் கேட்டால் நான் 'லைட்டு வேலை' செய்கிறேன் என்று வாலு சொல்லிவைப்பது எனக்குத் தெரியும். நான் சீரியல் பல்பு கட்டுகிறவன் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் வேலை இதுதான். எங்கள் ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் நான் இருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஒரு மாவு மில் இருக்கிறது. அதன் மாடியிலும் எங்களுக்கு ஒரு மேடை. இங்கிருந்து அங்கே கம்பி இல்லாமல், வெறும் காற்று வழியாக, லேசர் ஒளியை அனுப்புகிறேன். அந்த ஒளியைத் திருகாணி மாதிரி திருகி அனுப்புகிறேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று, இடது பக்கம், வலது பக்கம். ஒவ்வொரு திருகும் ஒரு தனிச் செய்தி. எல்லாம் ஒரே பாதையில் சேர்ந்து போனாலும் அந்தப் பக்கம் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

திருகிய ஒளி சுவரில் விழுந்தால் பொட்டு மாதிரி இருக்காது. வளையல் மாதிரி இருக்கும், நடுவில் இருட்டு. அந்த வளையல் எதிர்மாடிக் கருவியின் நடுவில் சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் திருகுகள் ஒன்றோடொன்று கலந்து, எது எந்தச் செய்தி என்றே தெரியாமல் போகும். நாம் போனில் பேசுவது போல.

எதிர்மாடியில் இருப்பவன் எங்கள் தொழில்நுட்ப உதவியாளன். என் வயதுதான். நெட்டையாக இருப்பான், யோசிக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பான். கொக்கு என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு வாக்கி டாக்கி இருக்கிறது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ தாண்டிடுச்சு சார்!" என்பான். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

இந்த இணைப்பு ஒரு மாதம் விடாமல் நின்றால் போதும். என் வேலை முடிந்தது, மூட்டை கட்டிவிடுவேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். விரல்கள் மடங்குகின்றன. சுண்டுவிரல் மட்டும் உன்னை மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

உன் கடிதத்தை அம்மா நாலு தடவை படிக்கவைத்தாள். வளையல் வந்த இடத்தில் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "தாண்டிடுச்சு சார்" என்று படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நல்ல கையால் கூரையைக் காட்டினாள். பல்லி என்று நினைத்து நான் துடைப்பத்தைத் தேடினேன். அது இல்லை, இல்லை என்று தலையாட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ திருகிக் காட்டினாள். அப்புறம்தான் புரிந்தது. ஆன்டெனா!

ஞாபகம் இருக்கிறதா? நீ மாடியில் ஏறி ஆன்டெனா கம்பத்தைத் திருப்புவாய். நான் உள்ளே டி.வி. பொத்தானைத் திருகுவேன். அம்மா வாசலில் நின்று மேலேயும் உள்ளேயும் மாறி மாறிக் கத்துவாள். நீ சரிசெய்ததை நான் கெடுப்பேன், நான் சரிசெய்ததை நீ கெடுப்பாய். கடைசியில் அம்மா தொண்டை கிழியக் கத்துவாள்: "யாராவது ஒருத்தர் கையை எடுங்க!" இதை நான் சொல்லிக்காட்டியதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

பயிற்சிக்குச் சம்மதம் எழுதிக்கொடுக்க மே கடைசி வரை நேரம் இருக்கிறதாம். என் வயதுக்காரர்களுக்கு இதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான், முப்பத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். அடுத்தது எப்போது வைப்பார்கள் என்று கேட்டால் மேலே பார்த்தார். அதனால் எனக்கு இதுதான்.

உன் வளையல் உட்கார்ந்ததா? அதை மட்டும் எழுது.

வாலு

---

ஏப்ரல் 6

அன்பு வாலுவுக்கு, அம்மாவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

உட்காரவில்லை. காலையில் சூரியன் வந்த பிறகு கொஞ்ச நேரம் காற்று அசையாமல் கிடக்கும். மறைவதற்கு முன்னாலும் அப்படி ஒரு நேரம் உண்டு. மற்ற நேரத்தில் வெயில் ஏறி, மாடித் தரையிலிருந்து சூடு கிளம்பி, காற்று குழம்பு மாதிரி கொதிக்கும். அதில் போகும் ஒளி நெளியும். அதனால் நான் விடிந்ததும் மாடிக்குப் போய்விடுகிறேன். வளையல் ஒரு பக்கமாக விலகியிருக்கும். திருத்துவேன். அழகாக உட்காரும். மறுநாள் விடிந்து பார்த்தால் அதே பக்கம், முன்னைவிட அதிகமாக விலகியிருக்கும். மறுபடி திருத்துவேன். ஒரு மாதமாக இதே கதை. காற்றைத்தான் குறை சொல்கிறேன். அது ஒன்றும் திருப்பிப் பேசுவதில்லை.

எங்கள் பேராசிரியர் ஒரு பெண்மணி, நல்ல மாதிரிதான். ஆனால் அந்த அம்மாவுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "ஜூன் வரைக்கும் பாக்கலாம், அதுக்கப்புறம் மாடியை வேற குழுவுக்குக் குடுத்துடுவாங்க" என்றார். நாலு வருஷ வேலை, வாலு. நாலு வருஷமும் இந்த ஒரு வளையலுக்குத்தான். படியேறும்போது இப்போதெல்லாம் நடுவில் ஒரு தடவை நின்றுவிடுகிறேன். மூச்சு வாங்குகிறது என்று கொக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மேலே போகவே பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

ஜூன் இருபது பற்றி, பார்ப்போம்.

அம்மாவை மாலையில் கொஞ்சம் நடக்கவை.

அண்ணன்

---

ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

நலம். நலந்தானே?

அம்மா நடக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணி இப்போது மத்தியானத்தோடு போய்விடுகிறார், அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நான் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். அதில் ஒன்றும் கஷ்டமில்லை.

உன் கடிதத்தில் 'பார்ப்போம்' என்ற வார்த்தையை நான் அம்மாவுக்குப் படிக்கவில்லை. 'வருகிறேன்' என்று படித்தேன்.

வாலு

---

மே 19

அன்பு வாலுவுக்கு, அம்மாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. திட்டிக்கொண்டே நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மாவின் நடை எப்படி? முழங்காலில் வீக்கம் இல்லையே?

அம்மா, உங்களுக்குச் சிரிப்பு வரும் செய்தி ஒன்று இருக்கிறது. காற்று நிரபராதி. போன வாரம் காலில் சுளுக்கு என்று இரண்டு நாள் நான் மாடிக்குப் போகவில்லை, கொக்குவுக்கும் லீவு கொடுத்துவிட்டேன். பதிவுக் கருவியைப் பார்த்தால், அந்த இரண்டு நாளும் வளையல் கிறுக்குத்தனம் பண்ணவில்லை. வெயிலுக்குக் கொஞ்சம் போனது, குளிர்ந்ததும் திரும்பி வந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, நொண்டிக்கொண்டே பாலம் தாண்டி மில்லுக்குப் போனேன். கொக்கு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி நீ எதையாவது தொடுவியா?" என்று கேட்டேன்.

"லேசா சார். வளையம் ஒதுங்கி நிக்கும். நடுவுல கொண்டாந்து வெச்சிட்டுப் போவேன். காலையில உங்களுக்கு வேலை குறையுமேன்னு."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே. ஏன் சார்?"

அவன் பக்கத்து மேடையின் கால்கள் இரும்பு. பகல் வெயிலில் ஒரு பக்கம் மட்டும் சூடேறி, மேடை கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்கிறது. சாயங்காலம் வளையல் ஒதுங்கியிருப்பதைப் பார்த்து அவன் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பி நடுவில் வைக்கிறான். ராத்திரி இரும்பு குளிர்ந்து நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததும் அவன் திருத்தியதே தப்பாகிவிடும். விடிந்ததும் நான் அதைப் பார்த்து என் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்புகிறேன். மறுபடி அவன், மறுபடி நான். அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்து நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்து அவனும் சொல்லவில்லை. நடுவில் அந்த ஒளி இரண்டு நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் மில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டோம். உங்கள் குரல்தான் காதில் கேட்டது, அம்மா. யாராவது ஒருத்தர் கையை எடுங்க. கொக்கு கையை எடுத்தான். அவன் பக்கத்துத் திருகாணிகளை இறுக்கி, மேலே பெயின்ட் பூசிவிட்டோம், இனி யாரும் தொடமுடியாது. இரும்புக் கால்களுக்கு வெள்ளைத் துணியைச் சுற்றியிருக்கிறோம். இனி திருத்துவது என் பக்கம் மட்டும்.

நிற்கிறது, வாலு. கொதிக்கும் மத்தியானத்திலும் நிற்கிறது.

பேராசிரியர் நேற்று கூப்பிட்டார். செப்டம்பரில் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம். அதுவரை நான் இருந்து காட்டினால் எனக்கு இங்கே நிரந்தர வேலை, அவரே எழுதித் தருவாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

---

மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் சுளுக்கு சரியாகிவிட்டதா?

கொக்கு கதையை அம்மா ஆறு தடவை கேட்டாள். தன் குரல் உன் காதில் கேட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் தனியாகப் படிக்கச் சொன்னாள். இப்போது யார் வந்தாலும் கடிதத்தைக் காட்டுகிறாள். பால்காரர்கூடப் படித்துவிட்டார். "உங்க பையன் பெரிய ஆளும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன புரிந்ததோ.

மற்றதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

(தனித்தாள்)

அண்ணா, பயிற்சிக்கு வரவில்லை என்று இன்று காலை ஆபீசில் எழுதிக்கொடுத்துவிட்டேன். நீ செப்டம்பர் வரை இரு. அதற்குப் பிறகும் இரு.

நீ கேட்கவில்லை. தெரியும். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காமல் முழங்கால் வீக்கத்துக்கும் சளிக்கும் நடுவில் செருகி வைத்தாயே, அதில்தான் தோற்றுப்போனேன். 'நிற்கிறது, வாலு' என்று எழுதின இடத்தில் உன் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. நாலு வருஷத்தில் நீ சந்தோஷமாக எழுதிய ஒரே வரி அது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எழுதிக்கொடுத்துவிட்டு வந்து கவுண்டரில் உட்கார்ந்தபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வரிசையில் நின்றவர் சில்லறை கேட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஆனாலும் பழகிவிடும். அம்மாவிடம் பயிற்சி தள்ளிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

வாலு

---

மே 28

அன்பு வாலுவுக்கு, அம்மாவுக்கு,

நலம். அங்கேயும் நலமாக இருக்கட்டும். சுளுக்கு சரியாகிவிட்டது, இப்போது படிகளில் நிற்காமல் ஏறுகிறேன்.

உன் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. வந்தால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே இருக்காது. 'அதில் ஒன்றும் கஷ்டமில்லை' என்று இருக்கும். போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எவ்வளவு பெரிய பாறாங்கல்லை உன் மடியில் வைத்துவிட்டேன்!

அதனால் நேற்று பேராசிரியரிடம் வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். அந்த அம்மா தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு, "வீட்டுல யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். என் இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் காத்திருந்தானாம், அவன் வந்துவிடுகிறான். கொக்கு அழுதுவிட்டான். நெட்டை ஆள் அழுதால் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

ஜூன் இருபது காலை வண்டியில் வருகிறேன். அம்மாவின் மாத்திரை வேளைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வை. மற்றதைப் பழகிக்கொள்கிறேன். நீ போய் ரயிலில் ஏறு. பின்பக்கம் இல்லை, முன்பக்கம்.

வாதம் பண்ணாதே. எழுதிக்கொடுத்தாயிற்று.

அண்ணன்

---

ஜூன் 4

வாலு,

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. என் இருபத்தெட்டாம் தேதிக் கடிதமும் இன்று உன் கையில் இருக்கும். நலம் விசாரிக்க மனசு வரவில்லை. இதை அம்மாவுக்குப் படிக்காதே.

தனித்தாளை மாடியில் வைத்துப் படித்தேன். கொக்கு பக்கத்தில் இருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல யாருக்காவது…?" என்றான். தாளை அவனிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு ஒற்றைக்காலில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு கேட்டான், "ஏன் சார், நீங்க ரெண்டு பேரும் வாக்கி டாக்கி வெச்சிக்கலயா?"

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. மூன்று வாரம் முன்னால்தான் அவனை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன், யாரிடமும் சொல்லாமல் திருத்தக்கூடாது என்று. பாடம் எடுத்த வாயோடு போய் வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஒரு வாரம் காத்திருந்தால் போதும். ஒரே ஒரு வாரம்!

பேராசிரியரிடம் போனேன். புது ஆள் அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்து, என் குடுவையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் மாதிரிதான் தெரிகிறான். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் தெரிந்துவிட்டது, கேட்காமல் வந்துவிட்டேன்.

நீ நாளைக்கே ஆபீசுக்குப் போ. தவறுதலாக எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று சொல். அண்ணன் பைத்தியம் என்று சொல். கெஞ்சு. உன் இடம் இன்னும் இருக்கலாம். ஒருத்தருக்காவது மிஞ்சட்டும், வாலு. நான் இங்கே வீணாய்ப் போனால்கூடப் பரவாயில்லை.

இணைப்பு நிற்கிறது. யாரும் தொடாமல் இருந்தால் நன்றாகவே நிற்கிறது.

அண்ணன்

---

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இரு. நாங்கள் இருக்கிறோம்.

நீ போகச் சொன்ன கடிதம் வருவதற்கு முன்பே ஆபீசுக்கு ஓடினேன். உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதத்தைப் பிரித்த அன்றே, செருப்பு மாற்றக்கூட நிற்காமல் போனேன். பட்டியலில் அடுத்தவளைக் கூப்பிட்டாயிற்று, அவள் கையெழுத்தும் போட்டாயிற்று என்றார்கள். கெஞ்சினேன். அண்ணன் பைத்தியம் என்பதையும் சொன்னேன், நீ சொல்வதற்கு முன்பே. அந்த அதிகாரி பாவம், எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். அடுத்த தேர்வு வரும் பிப்ரவரியில் இருக்கலாமாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அப்போது எனக்கு வயது இருக்கும். அதுதான் கடைசி.

நேற்று கவுண்டரில் ஒரு பெண் வந்தாள். புது ஷூ, நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று சத்தம். பயிற்சி நடக்கும் ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போடவா?" என்றேன்.

"வேண்டாங்க்கா, ஒன்பது மாசம் ஆகும். நான் ரயில் ஓட்டப் போறேன்!" சந்தோஷம் தாங்காமல் கண்ணாடி ஓட்டைக்குள் முகத்தைவிட்டுச் சொன்னாள். "யாரோ ஒருத்தங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். அந்த இடந்தான் எனக்கு வந்துச்சு. அவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்." பிறகு, "ஜன்னல் பக்கம் கிடைக்குமாக்கா?" என்றாள்.

"இனிமே உனக்கு முன்னாடி முழுக்க ஜன்னல்தானே," என்று சொல்லி, ஜன்னல் பக்கமே கொடுத்தேன். இழுத்த வேகத்தில் ஒரு டிக்கெட் கிழிந்துபோயிற்று. வேறு அடித்துக் கொடுத்தேன். அவள் கீச்சுக் கீச்சென்று போனாள். கவுண்டரை மூடிவிட்டு உள்ளே போய் அழுதேன். கொஞ்சம்தான். வரிசை நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இனி மறைக்க என்னால் முடியவில்லை அண்ணா. எல்லாத் தாள்களையும் எடுத்தேன். தனித்தாள், உன் கடிதம், நீ படிக்காதே என்று எழுதியது, எல்லாவற்றையும் தேதி வாரியாகப் படித்தேன். உன் 'பார்ப்போம்' என்பதையும் இந்தத் தடவை 'பார்ப்போம்' என்றே படித்தேன். அம்மா அசையாமல் கேட்டாள். கடைசித் தாள் முடிந்ததும் அழுவாள் என்று நினைத்துப் பயந்தேன்.

அவளுக்கு வந்தது கோபம். பக்கவாதம் வந்த பிறகு அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினாள். வாய் கோணிக்கொண்டு ஏதோ வர முயன்றது. நான் குறுக்கே பேசவில்லை. முதல் தடவையாகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஒ… ருத்தர்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "கை… எடு… ங்க."

முழு வாக்கியம் அண்ணா! ஒரு வருஷத்துக்குப் பிறகு. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு, "யார் எடுக்கணும்மா? அவனா, நானா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. மூலையில் இருக்கும் உன் நாற்காலியைக் காட்டினாள்.

அதனால் வா. இருபதாம் தேதி காலை வண்டியில் வா. உனக்கு வேலை இல்லை, எனக்கு இடம் இல்லை, இரண்டு பேருக்கும் சண்டை போட நிறைய நேரம் இருக்கிறது. ஆனால் சண்டையை அம்மா முன்னால், ஒருத்தர் பேசி முடித்த பிறகு இன்னொருத்தராகப் போடுவோம். மாத்திரை வேளைகளை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். பிப்ரவரி வரை ராத்திரி நீ அம்மாவோடு இரு, நான் படிக்கிறேன். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நீ எதையும் சரிசெய்ய வேண்டாம். வந்து, அந்த நாற்காலியில், அசையாமல் உட்கார். இந்தத் தடவை நான் திருப்பிக்கொள்கிறேன்.

அம்மா கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். வலது கையால்தான். கீழே வளையல் மாதிரி இருப்பது அவள் போட்டது.

வாலு